கிழவனும் கிழத்தியும்

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலொடு கலக்குமிடத்தே தஞ்சோங் டாவாய் என்னும் மீனவர் ஊர் உளது. அதன் துறையில் நின்று கடலை நோக்கும் தமிழாசிரியர்க்கு நெய்தல் திணை நினைவுக்கு வருதல் இயல்பே. அத்திணைத் தலைவனைத் துறைவன், சேர்ப்பன், புலம்பன் என்றனர் சங்கச் சான்றோர். அவன் இயற்பெயரைக் கூறாது அவன் நிலத்தையே சுட்டினர். அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லாது, 'எங்கள் வீட்டுக்காரர்' என்று கூறும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுநாள் நிலவியதும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது.

இனி, தொல்காப்பியம் தலைமக்களைக் கிழவன், கிழத்தி என்றும் குறிக்கும். இச்சொற்களைக் கேட்டதும் மாணவர் நகைப்பர். காதலருக்கு முதுமை எங்ஙனம் வந்தது என வினவுவர். கிழமை என்பதற்கு உரிமை என்பது பொருள். கிழவன் உரியவன், கிழத்தி உரியவள். முதியவர் என்னும் பொருளே இன்று பேச்சில் நிலைத்துவிட்டது. எனினும், உரிமை இருவர்க்கும் ஒருங்கே கூறப்பட்டமை கருதத்தக்கது. தலைவன், தலைவி; அகமுடையான், அகமுடையாள் என்பனவும் இவ்வாறே இணையாக அமைந்தவை. இல்லத்தை உடைமை இருவர்க்கும் உண்டு. ஆம்படையான், ஆம்படையாள் என்று பேச்சில் திரிந்த பின்னும் அவ்விணை பிரியவில்லை.

பிறமொழிகளை நோக்குவோம். மலாயில் கணவனுக்குச் 'சுவாமி' என்றும், மனைவிக்கு 'இஸ்திரி' என்றும் பெயர். இரண்டும் வடசொற்களே. முன்னது தலைவன் எனப் பொருள்படும். பின்னதோ பெண் என்னும் அளவே. ஒருவர்க்கு ஏற்றமும் மற்றவர்க்கு வெறும் பாற்பெயரும் கிடைத்தன.

ஸ்பானிய மொழியிலோ மணமகனும் காதலனும் 'நோவியோ'. மணமகளும் காதலியும் 'நோவியா'. புதுமை குறிக்கும் இலத்தீன் சொல்லே இவற்றின் வேர். ஸ்பானியர் ஆட்சியால் இவை பிலிப்பைன்ஸ் மக்கள் பேச்சிலும் கலந்தன. ஸ்பானியர் தம் துணையைச் செல்லமாகப் 'பாதி ஆரஞ்சு' என்றும் அழைப்பர். அவர்தம் 'நராஞ்சா' என்னும் சொல் அரபு, பாரசீகம் வழியே வடமொழி 'நாரங்க'த்தைச் சாரும். அதன் மூலம் நம் நாரத்தையொடு உறவுடைய திராவிடச் சொல்லே என்பர் அறிஞர் பலர். நம் தோட்டத்துக் கனி கடல் கடந்து பிறர் காதற்சொல்லானது வியப்பன்றோ!

நிற்க. சொல்லில் இருந்த சமன் வாழ்விலும் இருந்ததா? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கணவனும் மனைவியும் ஒருங்கே பால் மரம் சீவினர். பெண்ணுக்குக் கூலியோ ஆணினும் குறைவு. உரியவள் என்று தமிழ் அழைத்தவளுக்கு உரியது கிடைக்கவில்லை. ஆதலின், வகுப்பில் 'கிழத்தி' வரும்போது பொருள் கூறி அமைதல் போதாது. உரிமை என்னும் அதன் வேரையும் காட்டுதல் வேண்டும். நகைத்த மாணவர் சிந்திக்கத் தொடங்குவர்.