கியர் விழாத பழைய வேன் - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

பழைய வேனில் கியர் சரியாக விழவில்லை என்றால் பட்டறையில் அடிக்கடி கேட்கும் பதில், "கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்" என்பதுதான். வேனை நம்பிப் பிழைப்பவருக்கு அது பெரிய செலவு. வண்டி நிற்கும் நாட்களில் வருமானமும் கிடையாது. ஆனால் கோளாறு பல நேரங்களில் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். அது உள்ளேயா வெளியேயா என்று கண்டுபிடிக்க, கியர்பாக்ஸ் வளர்ந்த வரலாறே ஒரு நல்ல வழிகாட்டி.

கால் செய்த வேலை

ஜி.டி.நாயுடு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அந்தக் கால வண்டிகளில் ஓட்டுநரே பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு முறை அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். இதுதான் 'டபுள் கிளட்ச்'. வேகம் ஒத்துப்போகாவிட்டால் பற்கள் உரசி 'கர்ர்' என்று கத்தும்.

பித்தளை வளையம்

அமெரிக்காவின் ஏர்ல் தாம்சன் கண்டுபிடித்த 'சின்க்ரோமெஷ்' முறையை 1928ல் கேடில்லாக் கார்கள் அறிமுகம் செய்தன. பிற்காலக் கியர்பாக்ஸ்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஒரு சிறு பித்தளை வளையம். பற்கள் சேருவதற்கு முன் அந்த வளையம் கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். ஓட்டுநரின் கால் செய்த வேலையை இப்போது வளையம் செய்தது. உரசி வேலை செய்வதால் அது தேய்வதும் இயல்பே.

வண்டலூர் வேன்

1940களின் இறுதியில் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர் பக்கம் இருந்தது. கூரமும் உத்திரமேரூரும் வண்டலூரும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். (1997ல்தான் காஞ்சிபுரம் தனி மாவட்டமானது.) இங்கிலாந்தில் 1958ல் வந்த 'அட்லஸ்' வேனின் வழியில் 'ஸ்டாண்டர்டு 20' வேன் இங்கே தயாரானது. 1988ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

இதே நிறுவனத்தின் ஹெரால்டு காரில் 2, 3, 4வது கியர்களுக்குத்தான் வளையம் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. பழைய அம்பாசடரிலும் அப்படியே. வண்டி ஓடும்போது அவற்றை முதல் கியருக்கு மாற்றினால் கத்துவது கோளாறே இல்லை, அமைப்பே அதுதான். பல வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்கும் வளையம் இருக்காது. எனவே எந்தப் பழைய வேனானாலும், எந்தெந்தக் கியருக்கு வளையம் உண்டு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோதிக்கும் முறை

1. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று விழாவிட்டால் வண்டியைச் சற்று நகர்த்தி மறுபடி முயல வேண்டும், ஏனெனில் பல்லும் பல்லும் முட்டி நிற்கலாம். அப்போதும் இறுக்கமாகவோ தொளதொளவென்றோ இருந்தால், முதலில் கியர் கம்பிகளையும் புஷ்களையும் பார்க்க வேண்டும். 1984ல் வந்த மாருதி வேன் (பின்னாளில் ஆம்னி) போன்றவற்றில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியிலும், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னாலும் இருக்கும். கை அசைவு அவ்வளவு தூரம் போக வேண்டும். நடுவில் ஒரு புஷ் தேய்ந்தாலும் கியர் தடுமாறும்.

2. எஞ்சின் அணைந்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது எல்லாக் கியருமே இறுகினால், சந்தேகம் கிளட்ச் மீது. கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது ஆயில் கசிந்து கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருக்கலாம்.

3. வளையம் உள்ள ஒரு கியர் மட்டும், ஓட்டத்தில் மட்டும் கத்தினால், பழைய டபுள் கிளட்ச் முறையில் போட்டுப் பார்க்க வேண்டும். சத்தமின்றி விழுந்தால் பெரும்பாலும் அந்தக் கியரின் வளையம் தேய்ந்துவிட்டது.

4. போட்ட கியர் தானாக நழுவி வந்தால், வெளியே கம்பியும் எஞ்சின் மவுண்டும் சரியாக இருக்கும் பட்சத்தில், கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இவற்றோடு கியர் ஆயிலின் அளவையும் வகையையும் பார்ப்பது அவசியம். டிஃபரன்ஷியலுக்கான சில ஆயில்களின் ரசாயனம் பித்தளையை அரிக்கும்.

முடிவுரை

வளையம் வந்த பின் டபுள் கிளட்ச் தேவையற்ற வித்தையாகிவிட்டது என்று பலர் நினைத்தனர். ஆனால் வளையம் தேய்ந்த வேனைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் அந்த வித்தைதான், நோய் எது என்று காட்டிக்கொடுப்பதும் அதுதான். நான்கு சோதனைகளில் முதல் இரண்டுக்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் பத்து நிமிடம் அவற்றுக்கு ஒதுக்கினால், ஒரு புஷ்ஷோடு முடியும் செலவு பெரிய செலவாக மாறாமல் தப்பிக்கலாம்.