முஸ்லிம் சமூகப்படம்: பெயரும் பொருளும்

பம்பாய்த் திரையுலகினர் தம் படங்களைப் புராணப்படம், சரித்திரப்படம், சண்டைப்படம், சமூகப்படம் என வகுத்து வழங்கினர். இவற்றோடு 'முஸ்லிம் சோஷல்' என்றொரு கிளையும் இருந்தது. இந்துக் குடும்பத்தின் கதை வெறுமனே சமூகப்படம்; முஸ்லிம் குடும்பத்தின் கதைக்கு மட்டும் ஓர் அடைமொழி. அந்த அடைமொழிதான் நம் கவனத்துக்குரியது.

1943 இல் மெஹ்பூப் கான் தந்த 'நஜ்மா' இவ்வகையின் ஆரம்பப் படங்களுள் ஒன்று. 1960 இல் வெளிவந்த 'சௌத்வீன் கா சாந்த்' லக்னோவிலும், 1963 இன் 'மேரே மெஹ்பூப்' அலிகார் பல்கலைக்கழகத்திலும் தொடங்குகின்றன. இரண்டிலும் முகத்திரைதான் கதையின் அச்சு. திரைக்குள் இருப்பவள் யாரென்ற மயக்கம் நீங்கினால் கதையே இல்லை! நவாபுகள், கஸல்கள், மாளிகைகள் எல்லாம் அழகுதான்; ஆனால் சம்பளத்துக்கு உழைக்கும் முஸ்லிமை அங்கே தேடிக் காண்பது கடினம். 'பாகீஸா' (1972), 'உம்ராவ் ஜான்' (1981) போன்ற தவாயிஃப் கதைகள் இதன் உட்பிரிவு எனலாம். அவற்றிலும் அதே பழைய லக்னோவின் சாயல்தான்.

எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா' இந்த அலங்காரங்களைக் களைந்தது. இஸ்மத் சுக்தாயின் கதையொன்றிலிருந்து பிறந்த அப்படத்தைத் தணிக்கையாளர் மாதக்கணக்கில் தடுத்து வைத்தனர். நாயகன் சலீம் மிர்ஸாவாக நடித்த பால்ராஜ் சாஹ்னி 1973 இல் மறைந்தார்; படத்தைத் திரையில் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. மிர்ஸா நவாப் அல்லர்; பிரிவினைக்குப் பிந்திய ஆக்ராவில் சப்பாத்துத் தொழில் செய்பவர். பாகிஸ்தானுக்குப் போய்விடுவாரோ என்ற சந்தேகத்தில் அவருக்கு எவரும் கடன் கொடுப்பதில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் மதம் விசாரிக்கிறார்கள்.