கம்பியில்லா வீட்டுக் கண்காணிப்புக் கேமரா

கம்பியில்லா வீட்டுக் கண்காணிப்புக் கேமரா என்பது, வாசல், மாடிப்படி, வாகன நிறுத்தம் முதலிய இடங்களின் காட்சியைப் பதிந்து, வீட்டின் வைஃபை வழியாக உரிமையாளரின் கைபேசிக்கு அனுப்பும் கருவியாகும். ‘கம்பியில்லா’ என்னும் அடைமொழி காட்சி செல்லும் வழியையே குறிக்கும். மின்கலத்தில் இயங்கும் வகைகள் நீங்கலாக, ஏனையவற்றுக்கு அடாப்டரும் மின்கம்பியும் தேவை. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு வீட்டின் வாசலும் அடுத்த வீட்டின் சன்னலும் சில அடி இடைவெளியில் இருப்பதால், கருவியின் விலையைவிட அது பார்க்கும் கோணமே முதன்மை பெறுகிறது.

வரலாறு

நியூயார்க்கைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவருடன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பே வீட்டுக் கண்காணிப்பின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. கதவுத் துளைகளின் வழியே பார்க்கும் கேமராவும், வந்தவரின் உருவத்தைப் படுக்கையறையில் காட்டும் திரையும் அதில் இருந்தன. இணையவழிக் கேமராவை 1996இல் சுவீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

சென்னையில் பொதுக்கட்டடங்களில் கேமரா வைப்பதைக் கட்டாயமாக்கும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2012இல் வெளியிட்டது. ஏ. கே. விசுவநாதன் 2017 முதல் 2020 வரை மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில், ‘மூன்றாவது கண்’ என்னும் பெயரில் கடைக்காரர்களும் குடியிருப்போரும் கேமரா வைக்குமாறு காவல் துறை வலியுறுத்தியது. அதன்பின் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலக நகரங்களில் முதலிடம் பெற்றது. கணக்கிடும் முறை வேறுபட்ட பிற ஒப்பீடுகள் டெல்லியை முன்னிறுத்தின.

வைஃபையும் சுவரும்

வீட்டுக் கேமராக்களுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதாயினும் சுவரைக் கடக்கும்போது விரைவில் வலுவிழக்கும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தடித்த செங்கற்சுவர்களும், தியாகராய நகர் அடுக்ககங்களில் இரும்புக்கம்பி பாய்ச்சிய கான்கிரீட்டும் அலையைத் தடுக்கின்றன. அடுக்ககத்தில் அண்டை வீட்டு ரவுட்டர்கள் பலவும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. எனவே சுவரில் துளையிடுமுன், கேமரா இருக்கவேண்டிய இடத்தில் கைபேசியைப் பிடித்துக் காட்சி தடையின்றி ஓடுகிறதா எனப் பார்ப்பதும், 1, 6, 11 ஆகிய ஒன்றோடொன்று கலவாத தடங்களுள் நெரிசல் குறைந்ததை ரவுட்டரில் தேர்ந்தெடுப்பதும் பயன் தரும்.

பொருத்துதல்

கேமராவை 8 முதல் 10 அடி உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் கைக்கு எட்டாமலும் முகம் தெளிவாகவும் இருக்கும்; அதைவிட உயர்ந்தால் தலையுச்சி மட்டுமே பதிவாகும். இரவில் கேமரா தானே உமிழும் அகச்சிவப்பு ஒளி, அருகிலுள்ள வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினால், சுவர் பளீரென்றும் வந்து நிற்பவரின் முகம் இருண்டும் தெரியும். லென்சின் முன் சிலந்தி பின்னும் ஒற்றை நூல்கூட அவ்வொளியில் தடித்த வெண்கயிறாகத் தோன்றி, காற்றில் ஆடும்போதெல்லாம் ‘அசைவு’ என்னும் பொய்யெச்சரிக்கையைக் கிளப்பும். மென்துணியால் அவ்வப்போது துடைப்பதே இதற்குத் தீர்வு.

வடகிழக்குப் பருவமழையைத் தாங்க, நீர்ப்பீச்சலையும் தூசியையும் தடுக்கும் ஐபி65 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுடைய கருவி வேண்டும். மின்கம்பியைத் துளைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றினால், கம்பியில் வழியும் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண இரும்புத் திருகாணிகளை அரிப்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே ஏற்றவை.

சேமிப்பும் காப்பும்

நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாது பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி நிரம்பும். ஆகவே 128 ஜிபி மெமரி கார்டு ஆறு நாளுக்குள் நிறைந்து, பழைய காட்சியின்மேல் புதியது பதியத் தொடங்கும். அசைவு நேரும்போது மட்டும் பதியச்செய்தால் இக்காலம் நீளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது போன்ற நிலையில், கேமராவும் ரவுட்டரும் ஒருசேர இன்வெர்ட்டரில் இணைந்திருந்தால்தான் கண்காணிப்பு சில மணி நேரமாவது தொடரும். இணையமே அறுந்தாலும் கார்டில் பதிவு நடக்கும்.

ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியே 2016இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் இணையத் தாக்குதல் நடத்தியது. பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுவதும், நிறுவனம் தரும் மென்பொருள் புதுப்பிப்புகளை ஏற்பதும் இன்றியமையாதவை.

சட்டநிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை இசைவின்றிப் படம்பிடிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றமாகும். குடும்பத்தினர் சேர்ந்து வாழும் வீட்டின் உட்பகுதியில், உடன்வாழ்வோரின் இசைவின்றிக் கேமரா இயக்கக்கூடாது என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் வேண்டும்.

எனவே கேமரா தன் வாசலையும் தெருவையும் காண்பதோடு நின்று, எதிர்வீட்டுக் கதவையும் பக்கத்துச் சன்னலையும் விட்டு விலகியிருத்தல் வேண்டும். பல கருவிகளில் அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி உண்டு. வெளிநாட்டிலிருந்து முதிய பெற்றோரின் வீட்டைக் கைபேசியில் காணும் பிள்ளைக்கு நள்ளிரவு எச்சரிக்கை வரும்போது, உடனே அவர் அழைக்கக்கூடியவர் அந்த எதிர்வீட்டாரே. அவருடைய நம்பிக்கையைக் காப்பதும் வீட்டுப் பாதுகாப்பின் பகுதியாகும்.