மறதியை அளக்கும் கோல்

சாயர்புரத்திற்கு 1842இல் வந்த ஜி.யு.போப் அங்கே கல்வி வளர்த்த கதையை நாம் அறிவோம். அத்தகைய மண்ணிலும் எழுத்தறியாமலே முதுமை எய்தியோர் உண்டு. முதியோரின் நினைவைச் சோதிக்க 1975இல் வெளிவந்த ஃபோல்ஸ்டீன் வினாத்தாளோ வாசிக்கவும், எழுதவும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் சொல்கிறது. கல்லாமையே அங்கு நோயாகத் தோன்றிவிடக்கூடும்.

இதற்கு மறுதலையும் நேர்ந்தது. 10/66 என்னும் பன்னாட்டுக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் சென்னையும் வேலூர்ச் சிற்றூர்களும் இடம்பெற்றன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைப்படி அச்சிற்றூர் முதியோரில் மறதிநோயர் 0.3 விழுக்காடே, குழு தானே வகுத்த முறைப்படி அது பன்மடங்கு. 'வயதானால் மறதி வராதா' என்று வீட்டார் தாங்கிக்கொள்ளும் இடத்தில் நோய் கணக்கில் ஏறுவதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. நாடளாவிய முதியோர் ஆய்வுத் தரவுகளை எந்திரக் கற்றலால் ஆராய்ந்தோர், இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023இல் மதிப்பிட்டனர். அந்த எந்திரமும் வல்லுநர்கள் முன்னரே தீர்ப்பளித்த சிலரைக் கொண்டே கற்றது. எனவே அதை வியக்கவோ வெறுக்கவோ முற்படுமுன் ஒன்று கேட்போம்: அதற்குக் கற்பித்தோரில் எழுத்தறியாத நம் பாட்டியின் பேச்சை அறிந்தவர் எத்தனை பேர்?