நெடுஞ்சாலை நடுக்கம்: செட்டிநாட்டுக் கார்களின் ஒரு நோய் வரலாறு

செட்டிநாட்டில் கண்டரமாணிக்கம் உள்ளிட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் பெருநகரங்களிலிருந்து விலகிய செம்மண் சீமையில் அமைந்தவை. அவ்வூர்களின் வருமானமோ இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு எனக் கடல் கடந்த கடைகளிலிருந்து வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1929–30ஆம் ஆண்டுகளில்தான் திறக்கப்பட்டது என்பதால், வசதி படைத்த வீடுகள் இரயிலுக்காகக் காத்திராமல் மோட்டார் காரை நாடியதில் வியப்பில்லை. ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் கிளை அமைத்துச் சென்னையிலும் கார்களைப் பூட்டி விற்றது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் அதே வேலையைத் தொடங்கியது.

அக்காலக் கார்கள் குலுங்கின; ஆனால் அக்குலுக்கத்துக்குக் காரணம் என்னவென்று ஒருவரும் பட்டறையில் கேட்கவில்லை. மரத்தாலான ஆரக்கால்களும், அதிகக் காற்றழுத்தம் கொண்ட ஒல்லியான டயர்களும் பூண்ட ஃபோர்டு மாடல் டி வண்டி மணிக்கு 65 அல்லது 70 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. சரளைச் சாலையிலோ அதில் பாதி வேகமே பெரிது. சாலையே வண்டியை உலுக்கியபோது, சக்கரத்தின் குறையைத் தனியே பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. நல்ல சாலையும் மிகு வேகமும் சேர்ந்த பிறகே சக்கரம் நடுங்கும் இந்த நோய் வெளிப்பட்டது.

மேலைநாடுகளில் அச்சேர்க்கை 1920களிலேயே நிகழ்ந்தது. 1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் குறைந்த காற்றழுத்தமுள்ள அகன்ற ‘பலூன்’ டயரை அறிமுகப்படுத்தியதும் பயணம் மெத்தென்று ஆயிற்று. ஆனால் முன்சக்கரங்கள் இடவலமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும் புதிய தொல்லை தலையெடுத்தது. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சின் இருமுனைகளில் இருந்ததால், ஒன்று மேட்டில் ஏறியபோது மற்றதும் சாய்ந்தது. சுழலும் பொருளைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்ப முயலும் என்ற இயற்பியல் விதிப்படி, அச்சாய்வு ஸ்டியரிங்கைத் திருப்பியது. ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனித் தாங்கமைப்பை, அதாவது தனி சஸ்பென்ஷனை, ஜெனரல் மோட்டார்ஸ் 1934 கார்களில் கொண்டுவந்தது. அதற்குப் பொறியாளர் மாரிஸ் ஆலியின் ஆய்வுகள் பெரிதும் துணைநின்றன. அதன் பின் இத்தொல்லை பெருமளவு அடங்கினாலும், சக்கரத்தின் எடைச் சமமின்மை என்னும் மற்றொரு காரணம் எஞ்சியது.

அதன் கணக்கு எளியது, விளைவோ பெரிது. 15 அங்குல விளிம்புள்ள ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடியிருப்பதாகக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் அது சக்கரத்தை இழுக்கும் விசை முக்கால் கிலோவுக்கும் குறைவு. 100 கிலோமீட்டரில் அதே 30 கிராம் ஏறத்தாழ 4 கிலோ விசையுடன், நொடிக்கு 13 முறைக்குமேல், சக்கரத்தை மேலும் கீழும் உதைக்கிறது. சக்கரமும் அதன் தாங்கமைப்பும் இயல்பாகவே நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அதிரும் தன்மை உடையவை. இரண்டும் ஒன்றிசையும்போது அதிர்வு பன்மடங்காகிறது. எனவேதான் 80இல் தொடங்கும் நடுக்கம் சில வண்டிகளில் 110ஐத் தாண்டினால் தானே தணிகிறது. தணிந்தது குணமாகிவிட்டது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு.

எடை மட்டுமன்றி, டயரின் உருட்சி கெட்டாலும் சக்கரம் நடுங்கும்; தமிழகத்தில் அது கெட்டதற்குப் போரும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலும் டயரும் அரிதாயின. மலாயாவில் நகரத்தார் பணம் முடங்கியிருந்த தோட்டங்களின் ரப்பர் சப்பானியர் கைக்குப் போயிருந்தது என்பது ஒரு கசப்பான பொருத்தம். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்கு மாற்றாக ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்னும் கருவியை உருவாக்கியதோடு, தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் தொடங்கினார்; 1952இல் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அதற்கான ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கியது. சிக்கனத்துக்கு உகந்த அம்முறையில், ஒட்டிய ரப்பர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போனால் டயரின் வட்டம் கெட்டது. எடையைச் சமன்செய்ய எத்தனை ஈயக் கட்டிகளை விளிம்பில் பூட்டினாலும், வட்டம் கெட்ட டயர் ஆடாமல் உருளாது.

1958 முதல் 2014 வரை வெளிவந்த அம்பாசடர் கார்தான் செட்டிநாட்டுப் பட்டறைகளுக்கு இந்நோயைப் பயிற்றுவித்த பாடநூல் எனலாம். பட்டறை மிஸ்திரியிடம் சக்கரத்தைச் சோதிக்கும் இயந்திரம் இல்லை, கேள்விகள் இருந்தன. ஸ்டியரிங் உதறுகிறதா, இருக்கை உதறுகிறதா என்பது முதற் கேள்வி: முன்னது முன்சக்கரக் குறையையும் பின்னது பின்சக்கரக் குறையையும் காட்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிரம்மோ டிஸ்கோ கோணியிருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறினால், கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு ஆற்றலைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு தேய்ந்திருக்கும். பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகக் கைவைத்து அசைத்து பேரிங், சக்கரம் திரும்பும் முளையான கிங்பின் ஆகியவற்றின் ஆட்டத்தையும், இடமும் வலமுமாக அசைத்து, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளின் ஆட்டத்தையும் பார்ப்பார். சுழலும் டயருக்கு அருகே ஒரு சாக்குக் கட்டியை அசையாமல் பிடித்தால், மேடான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரம், அளவிற் சிறியதாகையால் அதே வேகத்தில் அம்பாசடர் சக்கரத்தைவிட விரைந்து சுழன்றது. பின்னர் திருச்சி, மதுரை, சென்னை வழித்தடங்கள் நால்வழியானபோது 100 கிலோமீட்டர் அன்றாட வேகமாயிற்று. சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றி, உட்பக்கமும் வெளிப்பக்கமும் எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் பேலன்சிங் இயந்திரம் டயர்க் கடைதோறும் இடம்பிடித்தது. ஆயினும், எவ்வகை நடுக்கத்துக்கும் பேலன்சிங்கும் அலைன்மென்டும் சேர்த்துச் செய்துவிடும் இன்றைய வழக்கம் பழைய மிஸ்திரியின் முறைக்கு ஒரு படி கீழானதே. சக்கரங்களின் கோணத்தைச் சீராக்கும் அலைன்மென்ட், வண்டி ஒரு பக்கம் இழுப்பதையும் டயர் கோணலாகத் தேய்வதையும் தீர்க்குமேயன்றி, உதறலைத் தீர்ப்பது அரிது.

கண்டரமாணிக்கம் போன்ற ஊர்களுக்கு இந்நோயின் ஒரு வகை தனியுரிமை போல அமைந்துவிட்டது. வீட்டினர் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ, வீடு பூட்டிக் கிடக்கும். திருமணம், கோயில் திருவிழா என்று ஆண்டில் சில நாள்களே கார் கொட்டகையை விட்டு வெளிவரும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடுகிறது. அண்மையில் ஏற்பட்ட தட்டை ஓடிச் சூடேறினால் தானே நிமிரும், நாள்பட்டது நிமிராது. டயரின் மேற்புறப் பள்ளங்கள் புதியவை போலத் தோன்றினாலும் ரப்பர் உள்ளே இறுகியிருக்கக்கூடும். டயரின் வயதை அதன் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்க எண்ணே காட்டும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்று பொருள். கொட்டகையில் நின்ற வண்டியை எடுப்போர் அவ்வெண்ணையும் காற்றழுத்தத்தையும் பார்த்துவிட்டு, முதல் முப்பது கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, அதன் பிறகும் உதறல் நின்றபாடில்லை எனில் டயரை மாற்றிய பின்பே நால்வழிச்சாலையில் ஏற வேண்டும்.