குடும்பக் கதைதானே என்று தாண்டிப் போகாதீர்கள்

"இக்கதை குடும்பப் பாசத்தை வலியுறுத்துகிறது." சிங்கப்பூர்த் தமிழ்க் கதை எதைக் கொடுத்தாலும் மாணவர் விடைத்தாளில் முதலில் வந்து உட்காரும் வாக்கியம் இதுதான். தவறென்று சொல்ல முடியாது. மதிப்பெண்ணும் கொஞ்சம் கிடைத்துவிடும். ஆனால் இதே வாக்கியத்தை மதுரைக் கதைக்கும் எழுதலாம், யாழ்ப்பாணத்துக் கதைக்கும் எழுதலாம். அப்படியானால் கதை சிங்கப்பூரில் நடக்கிறது என்பதற்கு என்னதான் பொருள்?

ஆசிரியர்களுக்கும் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் சேர்த்தே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊர்த் தமிழர்களிடையே 'குடும்பம்' என்பது தொன்றுதொட்டு இருந்துவந்த ஒன்று அல்ல. அதுவே ஒரு வரலாற்று மாற்றம். அந்த மாற்றம் நடந்தபோது அதை உள்ளிருந்து எழுதிவைத்தவர்கள் நம் கதாசிரியர்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். 1957இல்கூட ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்களுக்கு மேல். துறைமுகத்திலும் நகராட்சி வேலைகளிலும் சிராங்கூன் ரோட்டுக் கடைகளிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். மனைவி மக்கள் ஊரில். மணியார்டரும் கடிதமும் போய்வரும். சில ஆண்டுக்கு ஒருமுறை கப்பல் பயணம். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டகம், அதன் பக்கத்திலேயே பாய். தொழிலும் தூக்கமும் அங்கேதான். அது ஆண்களின் உலகம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் இதற்கு ஒரு விதிவிலக்கு. அவர்கள் ஒப்பீட்டளவில் முன்னதாகவே குடும்பத்தோடு வரத் தொடங்கியவர்கள். தஞ்சோங் பகாரில் அந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள் என்பது பாடநூலில் ஒரு வரியாகவாவது வர வேண்டிய செய்தி என்பது என் கருத்து.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். 1887இல் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் அவர் எழுதிய 'வினோத சம்பாஷணை'யைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று நா. கோவிந்தசாமி வாதிட்டார். சிறுகதையா, உரையாடலா என்ற சர்ச்சையை வகுப்பில் ரொம்ப நேரம் இழுக்க வேண்டாம். பெயரைக் கவனிக்கச் சொல்லுங்கள்: சம்பாஷணை. இங்கு தமிழ்ப் புனைவு பேச்சாகத்தான் பிறந்தது. வாழ்வின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே கழிகிற ஒரு சமூகத்துக்கு அந்த வடிவம் இயல்பாகவே வந்து பொருந்தியிருக்கிறது. வீடு இல்லாத இடத்தில் வீட்டுக் கதை எங்கிருந்து வரும்?

வீடு வந்தது மெதுவாக. 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. பிறகு போர். போருக்குப் பின் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாக வந்தார்கள். 1953இல் குடிநுழைவு விதிகள் இறுகின. "வருவதானால் இப்போதே வர வேண்டும்" என்ற நெருக்கடி வந்தது. இதற்கிடையே இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு துணைவி என்று வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 1961இல் வந்த மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தைச் சட்டமாக்கியது. இரண்டு குடும்பச் சிக்கல் வரும் பழைய கதை ஒன்றைப் படிக்கும்போது "ஆசிரியர் ஒழுக்கத்தைப் போதிக்கிறார்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது எந்த ஆண்டில் நடக்கும் கதை, 1961க்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே கதை வேறு கதையாகத் தெரியும்.

இன்னொரு செய்தி. ஐம்பதுகளை ஒட்டிய ஆண்டுகளில், வறுமையாலும் வேறு காரணங்களாலும் பெற்றோர் கொடுத்துவிட்ட சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்தன. சேலை கட்டி, பூ வைத்து, தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். தமிழ்ச் சமூகத்தின் பெரும் தலைவரும் 'தமிழ் முரசு' நிறுவனருமான கோ. சாரங்கபாணி மணந்ததும் ஒரு சீனப் பெண்ணைத்தான். இங்கே 'நம்ம குடும்பம்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது அவ்வளவு எளிதான கணக்கு இல்லை.

இந்தப் பின்னணியில் சிங்கை மா. இளங்கண்ணனை வைத்துப் பாருங்கள். 1938இல் பிறந்தவர். 1982இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது, 2005இல் கலாசாரப் பதக்கம். சிறுகதையிலும் நாவலிலும் அவர் திரும்பத் திரும்பப் போனது எளிய மனிதர்களிடம்தான். அவருடைய 'வைகறைப் பூக்கள்' 1990இல் வந்த நாவல். போர்க்காலத்தையும் இந்திய தேசிய இராணுவத்தையும் களமாகக் கொண்டது.

அந்தக் காலத்தைப் பாடநூல் எப்படிச் சொல்கிறது? 1943 ஜூலை 2இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார்; 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார்; அக்டோபர் 21இல் தற்காலிக அரசை அறிவித்தார்; ஜான்சி ராணி படையில் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஒரு பையன் படைக்குப் போகிறேன் என்று கிளம்பினால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அம்மா என்ன சொல்லியிருப்பார்? அடுத்த வேளை அரிசிக்கு, அல்லது மரவள்ளிக்கு, யார் அலைந்திருப்பார்கள்? தேதிப் பட்டியலில் இதற்கெல்லாம் இடமில்லை. நாவலுக்கு இடம் உண்டு, அது இருப்பதே அதற்காகத்தான். எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளினார்கள். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த ஒரு தமிழ் நாவலை அந்த இடிந்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தேர்வில் இதைச் சொல்லும் மாணவர்கள் குறைவு. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் விழுந்தபோது இளங்கண்ணன் சிறு குழந்தை. அந்த நாவலை வெளியிட்டபோது ஐம்பதைத் தாண்டியவர். ஆகவே 'வைகறைப் பூக்கள்' 1943ஐப் பற்றிய சாட்சியம் மட்டுமல்ல, 1990ஐப் பற்றிய சாட்சியமும்கூட. நாடு விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டான பிறகு, ஒரு சிங்கப்பூர்த் தமிழர் தன் முந்திய தலைமுறையை எப்படி நினைத்துப் பார்க்க விரும்பினார்? வரலாற்று வகுப்பில் 'ஆதாரத்தின் காலம்' என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அதையேதான் இங்கும் கேட்கிறோம். கதை நடக்கும் காலம் ஒன்று, கதை எழுதிய காலம் வேறொன்று. இரண்டையும் பிரித்து எழுதும் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

இரண்டு காலமும் ஒன்றாகவே அமைந்த படைப்பு வேண்டுமா? புதுமைதாசன் எழுதிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' இருக்கிறது. வானொலியில் 1969-70இல் ஒலிபரப்பான நகைச்சுவைத் தொடர் நாடகம். நாவல் இல்லைதான், ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது மக்களில் பத்தில் ஒருவர்கூட அரசு அடுக்குமாடியில் இல்லை. 1970இல் மூன்றில் ஒருவர். அதாவது அண்ணாசாமி வானொலியில் பேசியபோது கேட்டவர்களில் பலர் கம்பத்திலிருந்தோ கடைவீட்டு அறையிலிருந்தோ அப்போதுதான் மின்தூக்கிக்கு மாறியவர்கள், அல்லது பெயர்ந்து போகும் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். அடுத்த வீட்டில் சீனர், எதிர் வீட்டில் மலாய்க்காரர், பொது நடைபாதை, மேல்மாடியிலிருந்து சொட்டும் துணி. சிரிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறதல்லவா? புதிய வாழ்க்கையைப் பற்றிய பயத்தைச் சிரித்துத்தான் கரைக்க முடியும். தலைப்பிலேயே வீடு வந்துவிட்டது, கவனித்தீர்களா? 1888இல் 'சம்பாஷணை', 1969இல் 'அடுக்கு வீடு'. நடுவில் இருப்பதுதான் நான் சொல்லும் வரலாறு.

எல்லாரும் வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடவில்லை. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது; 1971 இறுதிக்குள் பெரும்பாலும் போய்விட்டார்கள். செம்பவாங் 'நேவல் பேஸ்', சிலேத்தார் விமானத் தளம் இவற்றை நம்பி வாழ்ந்த தமிழர், மலையாளிகள் ஆயிரக்கணக்கானோர். குடியுரிமை இல்லாதவர்கள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1957இல் மக்கள்தொகையில் 9 விழுக்காடாக இருந்த இந்தியர்கள் 1980இல் 6.4 விழுக்காடு ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். அறுபதுகளின் அந்தக் குடியிருப்பு வாழ்க்கையைக் கமலாதேவி அரவிந்தன் 'செம்பவாங்' என்ற பெயரிலேயே நாவலாக்கினார். ஊர்ப் பெயரையே தலைப்பாக வைக்கிறார் என்றால் அந்த ஊர் இப்போது அப்படி இல்லை என்றுதான் அர்த்தம். அங்கே இன்று எம்ஆர்டி நிலையமும் புதிய வீடுகளும் இருக்கின்றன. பழைய குடியிருப்பில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்பதைத் தெரிந்துகொள்ள நாவலைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பள்ளிகளின் கதையும் இதோடு சேர்ந்தது. கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பிறகு வந்த கதைகளில் பேரப்பிள்ளைகள் தாத்தாவிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். இதைத் 'தலைமுறை இடைவெளி' என்று ஒரு சொல்லில் முடித்துவிட மாணவர்கள் ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். அந்தப் பேரன் எந்தப் பள்ளிக்குப் போனான், அந்தப் பள்ளியில் எத்தனை பாடம் தமிழில் இருந்தது என்று கேட்க வையுங்கள்.

வகுப்பில் செய்ய: தேசிய நூலகத்தின் ஒத்துழைப்போடு 2015இல் நிறைவுற்ற மின்மரபுத் திட்டத்தில், விடுதலைக்குப் பிந்திய ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. பழைய 'தமிழ் முரசு' இதழ்களும் நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் உள்ளன. ஒரு சிறுகதை, அதே ஆண்டின் ஒரு நாள் 'முரசு', இரண்டையும் அருகருகே வையுங்கள். வீட்டு வாடகை, வேலை விளம்பரம், கப்பல் புறப்படும் நாள், திருமண அறிவிப்பு. அரை மணி நேரம் போதும். பிறகு பாருங்கள், 'குடும்பப் பாசம்' வாக்கியம் தானாகவே நீண்டுவிடும்.

கெட்டிக்கார மாணவர்களுக்கு இன்னும் ஒரு படி. ஞாயிறு மாலை தேக்கா பக்கம் போகச் சொல்லுங்கள். தமிழகத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த ஊழியர்கள் திடலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சீட்டில் வந்தவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. மணியார்டர் போய்ச் செயலி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்களைப் பற்றி எழுதச் சொன்னால் எந்த வடிவத்தில் எழுதுவாய், நாவலா, கடிதமா, சம்பாஷணையா, ஏன்? இதை 150 சொற்களில் கேட்டுப் பாருங்கள்.