நொடிப்பு

கடனைத் தீர்க்க வழியில்லாமல் ஒருவர் நிலைகுலைவது நொடிப்பு. 'வியாபாரம் நொடிச்சுப் போச்சு' என்ற பேச்சிலிருந்து சட்டத் தமிழுக்கு ஏறிய சொல் இது. 'திவால்' இந்துஸ்தானியின் 'திவாலா' வழியாக வந்தது. கடைத்தெருவில் இரண்டையும்விட 'ஐ.பி. கொடுத்துட்டார்', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்' என்பவையே அதிகம் புழங்குகின்றன. இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் ஐ.பி.

ஐ.பி. கொடுத்தவர் மீண்டு வருவதற்கும் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது: விடுவிப்பு. ஊர் வாயில் அது ஏறவே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, விடுவிப்பு பெறாதவர் தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மளிகைக் கடையில் கணக்கு வைப்பதற்குக்கூட யோசிக்க வேண்டிய நிலை! விடுவிப்பு ஆணை வந்ததும் அந்தக் கட்டு அறுகிறது. பழைய கடன்களும் பெரும்பாலும் நீங்குகின்றன. அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை நீங்குவதில்லை. ஜாமீன் போட்டவரும் தப்புவதில்லை. மச்சானோ பங்காளியோ கையெழுத்துப் போட்டிருந்தால், கடன்காரர் அவர் வீட்டு வாசலுக்குப் போவார். உறவு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆணை கையில் இருந்தாலும் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு தரமாட்டார். ரொக்கம் வைத்துத்தான் முதல் பேல் துணியை எடுக்க வேண்டும். 'ஐ.பி. கொடுத்தவர்' என்ற அடைமொழியை விலக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. ஊர்தான் அதை விட வேண்டும்.